ஸாங் கப்பல், 1781: கடலில் தள்ளிய 132 பேருக்குக் காப்பீட்டுப் பணம் கேட்ட வழக்கு

கடல்நாரை (இழையைத் தொடங்கியவர்)

ஜமைக்காவின் பிளாக் ரிவர் துறையில் ஸாங் கப்பல் நங்கூரம் போட்டது 1781 டிசம்பர் 22 அன்று. அப்போது கப்பலில் 420 கேலன் குடிதண்ணீர் மீதம் இருந்தது. இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்னால் 'தண்ணீர் போதாது' என்று சொல்லித்தான் அதே கப்பலின் மாலுமிகள் 132 ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளியிருந்தார்கள்.

முதலில் இது டச்சுக்காரர்களின் கப்பல். போரில் ஆங்கிலேயர்களிடம் பிடிபட்டது. லிவர்பூல் வணிகர் வில்லியம் கிரெக்ஸனும் கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். டச்சில் அதன் பெயர் 'ஸோர்க்', அதாவது 'அக்கறை'. கேப்டனாகப் போட்ட லூக் காலிங்வுட், அதுவரை அடிமைக் கப்பல்களில் வைத்தியராக இருந்தவர். ஒரு கப்பலுக்கும் அதற்கு முன் தலைமை தாங்கியதில்லை. 1781 ஆகஸ்ட் 18, அக்ராவிலிருந்து 442 பேரை அடைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். மாலுமிகள் 17 பேர். நவம்பர் கடைசிக்குள் 60-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் நோயில் இறந்துவிட்டார்கள், மாலுமிகளிலும் பலர் போய்விட்டார்கள். கேப்டனும் படுத்த படுக்கை.

நவம்பர் 27, 28 வாக்கில் ஜமைக்கா கண்ணில் பட்டது. அதை வேறு தீவு என்று நினைத்து மேற்கே தாண்டிப் போய்விட்டார்கள். தவறு புரிந்தபோது, திரும்பிவரப் பல நாள் ஆகும் என்ற நிலை. அப்போதுதான் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

நவம்பர் 29 இரவு எட்டு மணிக்கு 54 பெண்களையும் குழந்தைகளையும் கேபின் ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகத் தள்ளினார்கள். டிசம்பர் 1 அன்று 42 ஆண்கள். அடுத்த நாட்களில் இன்னும் 36 பேர். பத்துப் பேர் மாலுமிகளின் கை தங்கள்மேல் படும் முன்னே தாங்களாகக் குதித்தார்கள். (ஆவணத்துக்கு ஆவணம் எண்ணிக்கை கொஞ்சம் மாறும்.) தள்ளப்பட்டவர்களில் ஒருவர் தொங்கிய கயிற்றைப் பிடித்துத் திரும்ப ஏறிவிட்டார். உள்ளே இருந்தவர்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர், 'எங்களுக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், தள்ள மட்டும் தள்ளாதீர்கள்' என்று எல்லோருக்காகவும் கெஞ்சியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதலாளிகள் ஒரு வேலை செய்தார்கள். தள்ளப்பட்ட ஒவ்வொருவருக்கும் 30 பவுண்டு வீதம் காப்பீட்டுக்காரர்களிடம் பணம் கேட்டார்கள். அவர்கள் மறுக்கவே வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கிரெக்ஸன் எதிர் கில்பர்ட், 1783. 132 பேர் செத்ததற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரே வழக்கு இந்தப் பண வழக்குதான். கொலை வழக்கு நடக்கவே இல்லை.

அட்லாண்டிக் அடிமை வணிகம் என்றதும் சாட்டையும் சங்கிலியும்தான் மனக்கண்ணில் வரும். இந்த வழக்கைப் படித்த பிறகு எனக்கு முன்னால் வருவது கணக்குப் பேரேடு. இந்த வணிகம் முந்நூறு வருஷத்துக்கு மேல் நின்றது பேரேட்டின் பலத்தில்தான் என்பது என் வாதம். சட்டம், கப்பல், துணி வணிகம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கோணத்தில் சொல்லுங்கள்.

நெல்லை வக்கீல்

நல்ல இழை. காப்பீட்டுப் பக்கத்தை மட்டும் விளக்குகிறேன், அது புரியாமல் இந்தக் கொலை புரியாது.

கடல் வணிகத்தில் மிகப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பு எறிந்த சரக்கின் சொந்தக்காரர் தலையில் மட்டும் விழக் கூடாது, மற்றவர்களும் பங்கிட வேண்டும். காப்பீடு வந்த பிறகு காப்பீட்டுக்காரர் அதை ஈடுகட்ட வேண்டும். நியாயமான விதி. மிளகு மூட்டைக்கு எழுதிய விதி அது.

அடிமைக் கப்பல் காப்பீட்டில் 'இயற்கை மரணம்' சேராது. வயிற்றுப்போக்கில் ஒருவர் கப்பலில் இறந்தால் முதலாளிக்கு ஒரு பைசா கிடைக்காது. கரை இறங்கி இறந்தாலும் கிடைக்காது. ஆனால் 'மற்றவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் எறிந்தோம்' என்றால் தலைக்கு 30 பவுண்டு. இப்போது, நோயாளிகள் நிறைந்த கப்பலில் நிற்கும் கேப்டனின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நோயாளி உயிரோடு இருந்தால் விலை போகமாட்டார். தானாகச் செத்தால் நஷ்டம். தள்ளினால் 30 பவுண்டு. கொலைக்கான காரணம் அந்தக் காப்பீட்டுப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தது.

1783 மார்ச்சில் லண்டன் கில்ட்ஹாலில் நடந்த முதல் விசாரணையில் ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டுக்காரர்கள் மறுவிசாரணை கேட்டு மே மாதம் மேலே போனார்கள். அமர்ந்திருந்தவர் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு. 1772-ல் சாமர்செட் வழக்கில், ஓர் அடிமையை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுபோக முடியாது என்று தீர்ப்புச் சொன்ன அதே மான்ஸ்ஃபீல்ட். டிடோ பெல் என்ற கறுப்பினப் பெண்ணைத் தன் வீட்டிலேயே பேத்தி முறையில் வளர்த்தவரும் அவர்தான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? சட்டப்படி பார்த்தால் குதிரைகளைக் கடலில் எறிந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று முதல் ஜூரி கருதியதாகச் சொல்லிவிட்டு, 'கேட்க அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது' என்றார்.

ஆனாலும் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். காரணம், மழை. கொலைகள் முடிவதற்கு முன்பே கப்பல்மேல் நல்ல மழை பெய்திருக்கிறது, தண்ணீர் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். அப்புறமும் தள்ளியிருக்கிறார்கள். 'வேறு வழியில்லை' என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது. அந்த மறுவிசாரணை நடந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. முதலாளிகளுக்குப் பணம் கிடைத்ததற்கும் தடயம் இல்லை. கப்பலின் நாட்குறிப்பு ஜமைக்காவிலேயே காணாமல் போய்விட்டது. காலிங்வுட் கரை சேர்ந்த சில நாட்களில் இறந்துவிட்டார்.

எஞ்சின் அறை

22 வருஷமாகக் கப்பலில் வேலை. சரித்திரம் அதிகம் தெரியாது, எடையும் அளவும் தெரியும். கடல்நாரை சொன்ன எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

420 கேலன் என்றால் கிட்டத்தட்ட 1,900 லிட்டர். கரை சேர்ந்தபோது உயிரோடு இருந்த ஆப்பிரிக்கர்கள் 208 பேர். மாலுமிகளையும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் வைத்தாலும் நாலு நாளைக்கு வரும். வெயில் காலத்தில் தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் சாவு நெருங்கிய நிலையும் கிடையாது.

இன்னொன்று. ஸாங் 110 டன் கப்பல். 442 பேரை ஏற்றினால் டன்னுக்கு நாலு பேர். 1788-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் டால்பன் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. மூன்று டன்னுக்கு ஐந்து பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்றது. அந்தக் கணக்கில் ஸாங் ஏற்றியிருக்க வேண்டியது 183 பேர். அந்த 183-ம் மனிதர்கள் படுக்கக்கூடிய அளவு என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1788-ல் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் 'புரூக்ஸ்' என்ற லிவர்பூல் கப்பலின் படத்தை அச்சடித்துப் பரப்பினார்கள். அதில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் ஆறடி நீளம், 16 அங்குல அகலம். நான் டேப் எடுத்து வீட்டுத் தரையில் அளந்து சாக்பீஸால் கோடு போட்டு நடுவில் படுத்துப் பார்த்தேன். நம் ரயில் ஸ்லீப்பர் படுக்கையைவிடக் குறுகல். இரண்டு தோளும் கோட்டுக்கு வெளியே. மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களித்துத்தான் படுக்கலாம். பக்கத்து ஆளோடு சேர்த்துக் காலில் விலங்கு, மேலே எழுந்து உட்கார உயரம் இல்லை, அலை வேறு. அந்தச் சட்டப்படி புரூக்ஸ் ஏற்றக்கூடியது 454 பேர். சட்டம் வரும் முன் அதே புரூக்ஸ் ஒரு பயணத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றியிருக்கிறது.

பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் படுக்க முடியவில்லை.

முத்துநகர்க்காரன்

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இந்த அடிமைகளைப் பிடித்துக் கரைவரை கொண்டுவந்து விற்றவர்கள் ஆப்பிரிக்கர்கள்தானே? வெள்ளைக்காரன் வாங்கினான், சரி. விற்றவனுக்கும் பங்கு உண்டு அல்லவா? இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

கடல்நாரை

பேசியிருக்கிறார்கள் நண்பரே. பெனின் நாட்டு அதிபராக இருந்த கெரெகூ 1999-ல் அமெரிக்கா போய், அடிமை வணிகத்தில் தங்கள் முன்னோருக்கு இருந்த பங்குக்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. இன்றைய பெனின் பகுதியில் இருந்த டஹோமி அரசு 1727-ல் உய்தா துறைமுகத்தைப் பிடித்து, போர்க் கைதிகளை ஐரோப்பியருக்கு விற்றே கொழுத்தது. அசாந்தே, ஓயோ அரசுகளும் விற்றன.

ஆனால் 'ஆப்பிரிக்கர்களை ஆப்பிரிக்கர்களே விற்றார்கள்' என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஆப்பிரிக்கர்' என்ற ஒற்றை அடையாளம் அன்று அவர்களுக்குக் கிடையாது. சேரனும் சோழனும் போரிட்டதை 'இந்தியர்களே இந்தியர்களைக் கொன்றார்கள்' என்று யாரும் எழுதுவதில்லை. டஹோமிக்காரருக்கு உய்தாக்காரர் அந்நியர், எதிரி.

இரண்டாவது, வாங்குகிறவர் வந்து நின்ற பிறகு விற்கிறவரின் உலகமே மாறிவிடுகிறது. காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ 1526-ல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவர் கிறிஸ்தவர், போர்த்துகீசியரின் நண்பர், தானும் அடிமைகளை விற்றவர். அவரே எழுதுகிறார்: உங்கள் வணிகர்கள் கொண்டுவரும் பொருளுக்கு ஆசைப்பட்டு என் குடிமக்களை, பிரபுக்களின் பிள்ளைகளை, என் உறவினர்களைக்கூடத் திருடி விற்கிறார்கள், நாடு ஆளில்லாமல் போகிறது, எங்களுக்குப் பாதிரியாரும் ஆசிரியரும் மட்டும் போதும் என்று. வணிகம் நிற்கவில்லை. அப்புறம் துப்பாக்கி வந்தது. பக்கத்து அரசு துப்பாக்கி வாங்கினால் நீயும் வாங்கியாக வேண்டும், வாங்க ஆள் விற்றாக வேண்டும், ஆள் பிடிக்கப் போர் தொடுத்தாக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆப்பிரிக்க அரசுகளிலும் அடிமைமுறை இருந்தது, கொடுமையும் இருந்தது. ஆனால் பல இடங்களில் அடிமை அந்தக் குடும்பத்துக்குள் மணம் முடிக்கலாம், பிள்ளைகள் மெல்ல அந்தக் குலத்தில் கலந்துவிடலாம். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1662-ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாராக இருந்தாலும் சரி. பண்ணை முதலாளியே தகப்பனாக இருந்தாலும் பிள்ளை அவருடைய சொத்து. ஆளை விற்ற எந்த அரசரின் கணக்கிலும் வராத பதிவு இது, பேரேட்டில் எழுதியவர்கள் வேறு.

முத்துநகர்க்காரன்

1662 சட்டம் எனக்குப் புதுசு. சரி, 'அவர்களே விற்றார்கள்' என்று இனி ஒற்றை வரியில் சொல்லமாட்டேன்.

தறிக்குழி

நான் கேட்க வந்தது வேறு. ஆளுக்கு மாற்றாக என்ன கொடுத்தார்கள்? துப்பாக்கி, சாராயம் மட்டும் போதாதே. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் தேடினேன், தேடியது நேரே நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து விட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம் கேட்ட சரக்கு துணி. அதிலும் சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் வங்காளத்திலும் நெய்த பருத்தித் துணி. கிழக்கிந்தியக் கம்பெனி அதை லண்டனுக்குக் கொண்டுபோய் ஏலம் விடும். அடிமைக் கப்பல் முதலாளிகள் ஏலத்தில் எடுத்து ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுவார்கள். 1721-ல் பிரிட்டன் தன் மக்கள் இந்திய அச்சுத் துணி உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டபோதும் மறு ஏற்றுமதிக்குத் தடை போடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுபோன நீலத் துணிக்குப் பெயரே 'கினே', கினி கரையின் பெயர். அவுரியில் முக்கி முக்கி எடுத்த ஆழ்ந்த நீலம். செனகல் பக்கம் அது கிட்டத்தட்டப் பணமாகவே புழங்கியது. அங்கிருந்தவர்கள் போலியைக் கண்டுபிடிக்கத் துணியைத் தடவி, முகர்ந்து பார்ப்பார்களாம்.

அந்த வாசனை எனக்குத் தெரியும். சாயத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். அவுரியின் புளித்த வாடை நாலு தடவை அலசினாலும் போகாது. அப்பாவின் நகக்கண்ணில் அந்த நீலம் கடைசிவரை இருந்தது. நெசவாளிக்கு அந்தத் துணி எங்கே போகும் என்று தெரிந்திருக்காது. முன்பணம் கொடுத்த தரகர் சொன்ன அளவு, சொன்ன நிறம், அவ்வளவுதான். ஆனாலும் நேற்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல்வண்ணன்

தறிக்குழி அக்கா, உங்கள் பதிவில் உள்ள தகவலை மறுக்கவில்லை. ஆனால் எதைப் பேசினாலும் 'இதில் தமிழனுக்கு என்ன தொடர்பு' என்று தேடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இது அவர்களுடைய துயரம். அதற்குள் நாம் போய் ஓர் இடம் பிடிக்க வேண்டுமா?

தறிக்குழி

இடம் பிடிக்கவில்லை தம்பி. கடல்நாரை பேரேடு என்றார். அந்தப் பேரேட்டில் 'துணி' என்ற பத்தி இருந்தது, அதில் எங்கள் கையால் நெய்தது இருந்தது. சோழிக்கும் இதே கதை. மாலத்தீவில் பெண்கள் பொறுக்கிய சோழியை வங்காளம், இலங்கை வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் ஆடாமலிருக்க அடியில் போடும் பாரமாகவே அது போனது. அங்கிருந்து உய்தாவுக்குப் போய் நாற்பது நாற்பதாகக் கோத்த சரமாகி மனிதர்களை வாங்கியது. இதைச் சொல்வதால் துயரம் எங்களுடையது ஆகிவிடாது. எவ்வளவு தூரத்துக் கைகள் சேர்ந்து இந்த வணிகத்தைத் தூக்கி நிறுத்தின என்பது தெரியும்.

சாம்பல்வண்ணன்

சரி அக்கா. அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

போர்ட் லூயிக்காரன்

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். பேரேட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1833-ல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு அதில் ஒரு காசு இல்லை. எல்லாம் முதலாளிகளுக்கு. எங்கள் தீவு முதலாளிகளுக்கு மட்டும் 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு முழுக்க அடைத்து முடித்தது 2015-ல். இந்த நூற்றாண்டில் பிரிட்டனில் வரி கட்டியவர்களும், அவர்களில் அடிமைகளின் கொள்ளுப்பேரர்களும், அந்தக் கடனைக் கட்டியிருக்கிறார்கள்.

விடுதலை என்று அறிவித்த பிறகும் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் அதே கரும்புத் தோட்டத்தில் சில ஆண்டுகள் கட்டாய வேலை. அது முடியும் முன்னே 1834-லிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கினார்கள். என் முன்னோர் அப்படி வந்த தமிழர்கள். ஆனால் ஒப்பந்தக் கூலியையும் அடிமையையும் ஒன்றாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் பாட்டனாருக்குப் பெயரும் ஊரும் எழுதிய தாள் இருந்தது. அவர் பிள்ளையை யாரும் விற்க முடியாது. இங்கே லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்த மடகாஸ்கர், மொசாம்பிக் மக்களுக்கு அந்தத் தாள்கூட இல்லை.

பாலைக்குயில்

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்த இழையை நேற்று வகுப்பில் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: 'கயிற்றைப் பிடித்து மேலே ஏறினாரே டீச்சர், அவர் பேர் என்ன?' எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

கடல்நாரை

தெரிய வழியில்லை டீச்சர். ஸாங்கில் ஏற்றப்பட்ட 442 பேரில் ஒருவர் பெயரும் எந்தத் தாளிலும் இல்லை. முதலாளியின் பெயர், கேப்டனின் பெயர், துணை மாலுமி ஜேம்ஸ் கெல்சாலின் பெயர், நீதிபதியின் பெயர் எல்லாம் இருக்கின்றன. பிழைத்த 208 பேரைச் சராசரியாக 36 பவுண்டுக்கு விற்ற கணக்கு இருக்கிறது.

இந்த விஷயம் வெளியே வந்ததற்குக் காரணமானவரின் பெயர் பையனுக்குச் சொல்லலாம்: ஓலாடா எக்வியானோ. அவரே அடிமையாக இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1766-ல் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். 1783 மார்ச் 19 அன்று, இந்த வழக்கைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த கடிதத்தோடு, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஷார்ப் சுருக்கெழுத்தாளரை வைத்து மே மாத விசாரணையை எழுத வைத்து, கடற்படைத் துறைக்குக் கொலை வழக்குப் போடச் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. ஆனால் அந்தத் தாள்கள் பல கைகளுக்குப் போயின. 1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடி அடிமை வணிக ஒழிப்புக் குழுவைத் தொடங்கினார்கள், ஷார்ப் அதில் ஒருவர். இருபது வருஷம் கழித்து 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது.

பெயர்கள் வேண்டுமென்றால் இன்னோர் இடம் இருக்கிறது. 1808-க்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை பிடித்த அடிமைக் கப்பல்களில் இருந்தவர்களை சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிப் பதிவேட்டில் எழுதினார்கள். அவரவர் மொழி தெரிந்தவரை வைத்து, காதில் விழுந்தபடி பெயர். கூடவே வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, பச்சைக்குத்து அடையாளம். ஃப்ரீடவுன் பதிவேடுகளோடு கியூபாவின் ஹவானாவில் இதேபோல எழுதிய பதிவேடுகளையும் சேர்த்தால் 90,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இணையத்தில் யாரும் பார்க்கலாம். வீட்டில் கூப்பிட்ட பெயர்கள் அவை. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளும் நிறைய.

பாலைக்குயில்

பார்த்தேன். நன்றி. உயரம் அடி, அங்குலக் கணக்கில் இருக்கிறது. என் மாணவர்கள் வயதில் உள்ள முப்பது பேரை எழுதிக்கொண்டேன், வகுப்பிலும் முப்பது பேர். வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்கு உரிய உயரத்தை வகுப்புச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பக்கத்தில் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லப் போகிறேன். கயிறு கேட்ட பையனுக்கு ஒரு கோடு மட்டும் போட்டு, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு உயரத்தில் போடுவது என்று அவனே முடிவு செய்யட்டும்.